மைதானத்துக்கு ஒரு மகத்தான பெயர்

மைதானக் குழுவின் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு மனிதர்கள், ஓர் எந்திரன். தலைவர் மரியசூசை அங்கிருந்த ஒரே நாற்காலியில் இடுப்புவார் கட்டி அமர்ந்திருந்தார். மருத்துவர் சபூரா எதிர்ச்சுவரில், பிராணவாயுக் குழாயில் ஒரு காலைக் கோத்துக்கொண்டு. கிடங்குப் பொறுப்பாளர் சொக்கநாதன், கீழே இடமில்லாததால், காந்தச் செருப்போடு கூரையில் தலைகீழாக. துளையிடும் பிரிவைச் சேர்ந்த நாச்சியார் காற்றறைக் கதவுக்குப் பக்கத்தில், விண்ணுடையைக் கழற்றாமல், தலைக்கவசத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு. எழுத்தர் எந்திரனான பதிவன் மேசைக்கு அடியில். அதற்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

எழினி என்னும் அந்த விண்கல்லில் ஈர்ப்பு பேருக்குத்தான் உண்டு. அங்கே பேஸ்பால் ஆடுகிறவர் பந்தை ஓங்கி அடித்தால் அது திரும்பி வராது, அடித்தவர் அவுட். அளவாகத் தட்டிவிட்டால் பந்து விண்கல்லையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து முதுகுப்பக்கமாக வந்து சேரும். அதற்குச் சுற்றுப்பந்து என்று பெயர். அதைப் பிடிப்பதுதான் ஆட்டத்திலேயே கடினமான வேலை. ஓர் ஆட்டம் முடிய மூன்று நாள் ஆகும். நடுவில் சமைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், இப்படிக் கூட்டமும் போடுவார்கள்.

சுரங்க நிர்வாகம் மைதானத்தைத் தாதுக் கப்பல்களுக்கு இறங்குதளமாக்கப் போகிறது. தடுக்க ஒரே வழி பெயர்க் காப்புச் சட்டம். உயிரோடிருக்கும் ஒரு மகத்தான ஆட்டக்காரரின் பெயரை அவர் அனுமதியோடு வைத்துவிட்டால், அவர் மூச்சு இருக்கும்வரை அந்த இடத்தில் யாரும் கைவைக்க முடியாது. விண்ணப்பம் இன்றைய தபால் கப்பலில் போயாக வேண்டும். அதுவும் காகிதத்தில், குழுவினரின் அசல் கையொப்பத்தோடு. வானொலியில் அனுப்பினால் செவ்வாய்த் தலைமையகம் ஏற்காது.

"மைதானம் போச்சுன்னா நான் துளையிடுற மெஷினைக் கட்டிக்கிட்டுத்தான் அழணும்," என்றாள் நாச்சியார். "சீக்கிரம் ஒரு பேரைச் சொல்லுங்கண்ணே."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஹெக்டர் பலோமா!" என்றார் சொக்கநாதன் கூரையிலிருந்து. "அந்த இடது கை வீச்சு ஒண்ணு போதுமே!"

"அந்தக் கை எஃகு," என்றார் சபூரா. "ஈரலும் செயற்கை. இதயம் போன வருஷம் மாத்தினது. ஆளில் எவ்வளவு உயிரோட இருக்குன்னு சட்டம் கேட்டா என்ன சொல்வீங்க?"

"அப்ப ஹார்க்கர்," என்றார் தலைவர்.

"அவரு உறைதூக்கத்துல இருக்காரு தலைவரே. முப்பது வருஷமா!" என்றார் சொக்கநாதன்.

"அதனாலதான் சொல்றேன். சாகவே மாட்டாரு."

"எழுந்து அனுமதி கொடுப்பாரா?"

தலைவர் மீசையைத் தடவினார். மகத்துவத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் நாச்சியாரின் மணிக்கட்டில் மணி அடித்தது.

"காலையில அடிச்ச பந்து வருது. ஒரு நிமிஷம்," என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கரிய வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி, திரும்பாமலே, கையைப் பின்னால் நீட்டினாள். பந்து கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது. சன்னல் பெரிய சன்னல்தான். உள்ளே எல்லாரும் பலோமாவின் ஈரலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து, "இசாமு தொகாரா!" என்றாள் மூச்சிரைக்க. "எண்பத்தொரு வயசு. ஆனா ஒரு பல்கூட விழலை. அவரு எறிஞ்ச பந்தைப் பார்த்துத்தான் நான் ஆடக் கத்துக்கிட்டேன். அவரை விட்டா யாரு?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பூமிக்கு வானொலியில் செய்தி போனது: உங்கள் பெயரை வைக்க அனுமதி வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் பதில் வர ஒரு மணி நேரம். அதுவரை தேநீர்.

தொகாராவின் குரல் தெளிவாகவே வந்தது. "அன்பர்களே, அனுமதி தருகிறேன். ஆனால் தவறு செய்கிறீர்கள். இங்கே நாங்கள் யாரும் இப்போது ஆடுவதில்லை. உங்கள் ஆட்டங்களைத்தான் இரவு பகலாகப் பார்க்கிறோம். உயிரோடிருப்பவர்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் உங்கள் நாச்சியார். இதை எழுபது ஆண்டு ஆடியவன் சொல்கிறேன்."

தலைகீழாக இருந்த சொக்கநாதனின் கண்ணில் நீர் திரண்டு குமிழாக மிதந்தது.

"பார்த்தீங்களா அந்தத் தன்னடக்கத்தை!" என்றார்.

"பெரிய மனுஷன்னா இப்படி இருக்கணும்," என்றார் தலைவர். "நம்ம நாச்சியாரையாம்! வெள்ளிக்கிழமை ஒரு பந்தை விட்டாளே, அவளை!"

"அதை ஞாபகப்படுத்தாதீங்கண்ணே," என்று நாச்சியாரே நெகிழ்ந்துபோய்ச் சிரித்தாள். "முகம் தெரியாத ஒருத்தியை இப்படித் தூக்கிவிட அவருக்கு எவ்வளவு பெரிய மனசு!"

மேசைக்கு அடியிலிருந்து பதிவன் கேட்டது: "ஓர் ஐயம். அவர் மகத்தானவர் என்றால் அவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும். நாச்சியாருக்கு வயது இருபத்தாறு. அவர் பெயரை வைத்தால் மைதானம் இன்னும் அறுபது, எழுபது ஆண்டு..."

"ரத்த அழுத்தமும் கச்சிதம்," என்று சபூரா பாதி விளையாட்டாகச் சொன்னார்.

"சும்மா இருங்க டாக்டரம்மா. பக்கத்து அறைக்காரி பேரை யாராவது மைதானத்துக்கு வைப்பாங்களா? தலைமையகத்துல சிரிக்க மாட்டாங்க?" என்றார் தலைவர். "தொகாராவுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் தூக்கியது நாச்சியார்.

பதிவன் எழுதியது. நான்கு பேரும் கையொப்பமிட்டார்கள். காகிதத்தைச் சுருட்டி உலோகக் குப்பிக்குள் போட்டு, தலைவர் தன் கையாலேயே அரக்கு வைத்து மூடினார். தபால் கப்பல் எழினியில் நிற்காது. வலையை விரித்துக்கொண்டு தொலைவில் கடந்துபோகும். தபால் எறியும் எந்திரம் பழுதாகி மாதக்கணக்காகிறது. அதிலிருந்து அந்த வேலை நாச்சியாருடையது.

அவள் வெளியே வந்தபோது கப்பல் கடுகளவு தெரிந்தது. உள்ளே அதற்குள் அடுத்த விவாதம் சூடுபிடித்திருந்தது: மகத்தான ஆட்டக்காரர்களில் இரண்டாவது இடம் யாருக்கு?

"பலோமாவை விட்டுடாதீங்க, இதோ வந்துடறேன்!" என்று வானொலியில் கத்திக்கொண்டே, பாதி உடம்பை வாசல் பக்கம் திருப்பியபடி, நாச்சியார் குப்பியை வீசினாள். அது நட்சத்திரங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போலப் போய், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நகர்ந்துகொண்டிருந்த வலையின் நட்டநடுவில் விழுந்தது. அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை.