சுருட்டுப் பிடிக்காத வளையம்

வார்ப்படப் பட்டறையில் மூன்றாம் எந்திரத்தின் காலடியில் ஆபரேட்டர் மல்லாந்து கிடந்தான். உள்ளங்கை கருகியிருந்தது. காலை ஷிப்டில் முதல் அலுமினியம்கூட ஊற்றவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

உலோகம் ஊற்றுமுன் இரும்பு அச்சு சூடேற வேண்டும். அதற்காக அச்சின் துளைகளுக்குள் மின்சார ராடு செருகியிருப்பார்கள். துளையின் வாயை ஒரு வெள்ளை வளையம் அடைத்திருக்கும். எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்று பெயர். அது ஏமாற்றினால், அச்சின் மேல் தெளிக்கிற தண்ணீர் உள்ளே இறங்கும்; மின்சாரம் வெளியே வரும். இன்று வந்தது.

மதியம் இரண்டு மணி. போலீஸ் இன்ஸ்பெக்டரம்மா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். பெற்ற தாய் சொன்னாலும் இன்னொரு தடவை விசாரிக்கிற பிறவி. அச்சு ஆறியிருந்தது. எல்லோர் முன்னாலும் ராடை இழுக்கச் சொன்னார். கூடவே வளையமும் வந்தது. பால் வெள்ளை. ஓரத்தில் கத்தி பட்ட கீறல்.

எல்லாக் கண்ணும் ஃபிட்டர் பக்கம் திரும்பின. நேற்று அதை மாட்டியவன் அவன்தான்.

"மாட்டும்போது கிழிச்சிட்டியா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன?"

ஃபிட்டர் வளையத்தையே பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைத் தொங்கப்போட்டான். அந்த மௌனம் ஒன்றே போதும், விலங்கு மாட்ட.

ஸ்டோர்காரர் பாய்ந்து வந்தார். ஃபிட்டரின் அக்கா புருஷன். "அம்மா, என் மச்சினன் வேணும்னு செய்யலை. ஸ்டோர்ல நான் குடுத்தது நல்ல சரக்கு, நீங்களே பாருங்க. அவசரத்துல கத்தி பட்டிருக்கும். சின்னப் பையன்மா!" சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் மூக்கு சுருங்கியது. மண்ணெண்ணெய் வாடை. கையில் அழுக்கே படாத உத்தியோகம் ஸ்டோர் உத்தியோகம்.

அழுகிறவரை விட்டுவிட்டு உலைக்காரரிடம் போனார்.

"காலையில என்ன நடந்தது?"

"புது வளையம் மாட்டினா முதல் சூட்டுக்குச் சுருட்டுப் பிடிக்கும்மா."

"வளையமா?"

"அதுல இருக்கிற பசை எரிஞ்சு புகையும். அது பிடிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க எல்லாரும் வெளிய போயிடுவோம். இன்னைக்கும் போனோம். ஆனா இன்னைக்கு டயர் கொளுத்தின நாத்தம். புதுக் கம்பெனிச் சரக்குபோலன்னு சிரிச்சோம்."

"ஸ்டோர்காரரும் வெளிய வந்தாரா?"

"அவரா? இளைப்புக்காரர். வளையம் மாத்துற அன்னைக்கு மத்தியானம்தான் பட்டறைக்குள்ள தலையைக் காட்டுவார்."

"எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப இங்க காவலுக்கு யாரு?"

"அதுக்கு மட்டும் அவர்தான்."

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து துளையை மோந்து பார்த்தார். அங்கேயும் மண்ணெண்ணெய். திரும்பி வந்து வளையத்தை ஸ்டோர்காரர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது நெருப்புல வெந்ததுதானே?"

"ஆமாம்மா. வெந்து வெந்து எப்படி வெளுத்துப்போயிருக்கு பாருங்க!"

உலைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டான்.

"உலைக்காரரே, இதைச் சூட்டுல வைங்க."

வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு நூல் புகை எழும்பியது. பசை கருகும் வாடை பரவியது. பால் வெள்ளை பழுப்பாகி, காப்பிக் கறையாகிக் கறுத்தது.

"இன்னைக்குக் காலையில சூடேறின வளையம்னா இந்த நிறத்துல வெளிய வந்திருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இது இப்பத்தான் சுருட்டுப் பிடிக்குது. அப்போ காலையில புகைஞ்சது வேற வளையம். ரப்பர். நல்ல சரக்கை வெளிய வித்துட்டு பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற போலியைக் குடுத்திருக்கீங்க. ஆள் செத்ததும், அச்சு ஆறுற வரைக்கும் காத்திருந்து, உருகி ஒட்டினதை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டி எடுத்திருக்கீங்க. அப்புறம் ஒரு நல்ல வளையத்தைக் கீறி மாட்டினீங்க. பழி மச்சினனுக்கு. பட்டறையில எல்லாருக்கும் புது வளையம் கறுக்கும்னு தெரியும். புகைக்குப் பயந்து ஓடுற உங்களுக்கு மட்டும் தெரியலை."

ஸ்டோர்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைத்தார். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. ஸ்டோரின் பின்பக்கக் குப்பை டின்னிலிருந்து போலீஸ்காரர் ஒரு பிசுபிசுத்த கறுப்பு உருண்டையைக் கொண்டுவந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா ஃபிட்டரிடம் திரும்பினார். "வெளிய எடுத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருச்சு. இல்லையா?"

"தெரிஞ்சுதும்மா."

"ஜெயிலுக்குப் போற நேரத்துல வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் விலங்கு மாட்டிய மாமாவின் கைகளைப் பார்த்தான்.

"நான் உள்ள போனா அக்கா அழும். வெளிய வர்ற வரைக்கும் அழும். என் வாயால இவர் உள்ள போனா அது யார்கிட்ட அழும்மா? என்கிட்டயா?"

யாரையும் நம்பாத அந்த அம்மா, முதல் தடவையாக, கேட்டதை இரண்டாவது முறை கேட்கவில்லை.