படிக்க மட்டும்

ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அதன் விளக்கு எரிந்தது. மடிக்கணினி மட்டும் எதுவும் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ரூமியானா கேபிளைப் பிடுங்கி மூன்றாம் முறையாகச் செருகினாள். உள்ளே ஏதோ சுழல முயன்று, டிக் என்று தடுக்கி நின்றது. சுரங்க நகரமான பெர்னிக்கின் டிசம்பர் மாலை. நான்கு மணிக்கே ஜன்னல் மங்கிவிட, இடுக்கு வழியே நுழைந்த நிலக்கரிப் புகை அடுப்பில் வெந்துகொண்டிருந்த கோதுமையின் மணத்தோடு கலந்து அறையெங்கும் கனத்துக் கிடந்தது. நாளை அவள் கணவன் வேலின் இறந்த நாற்பதாம் நாள். படையல் கோதுமைக்குச் சர்க்கரை இருந்தது, ஒயின் இருந்தது. அடுக்குமாடி பிளாக்கின் வாசற்கதவில் ஒட்ட வேண்டிய அஞ்சலித் தாள்தான் இன்னும் அச்சாகவில்லை.

"இந்தத் தடவையாவது நல்ல படமா போடுடி" என்றாள் கீழ்வீட்டு தோன்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "அடக்கத்தன்னிக்குப் போட்டியே, அடையாள அட்டைப் படம்! கதவைத் தாண்டுறப்பல்லாம் போலீஸ் தேடுற ஆள் மாதிரி மொறைக்கிறான்."

"நல்ல படம் இதுக்குள்ளதான் இருக்கு அக்கா. ஆத்தங்கரையில தொப்பி போட்டுச் சிரிச்சது. வேற எங்கயும் இல்ல."

"அவன் கம்ப்யூட்டர்?"

"தங்கச்சி மகன் பிரிச்சு, பார்ட்ஸ் பார்ட்ஸா எடுத்துட்டுப் போய் ஒரு மாசமாச்சு."

தோன்கா குரலைத் தாழ்த்தினாள். "நான்தானே அவன் செத்த அன்னிக்குக் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன். மேஜையில தலை சாஞ்சு கெடக்கறான், திரையில ஒரு அஞ்சலித் தாள். கறுப்புக் கட்டம் மட்டும் போட்டு வெச்சிருந்தான், பேரில்ல. அந்த வாரம் நம்ம பிளாக்ல ஒருத்தரும் சாகலையேடி. யாருக்குப் போட்டான்?"

இருபது வருடமாக பிளாக்கில் யார் இறந்தாலும் அஞ்சலித் தாள் போட்டுக் கொடுத்தவன் வேலின். கூலி ஒரு புட்டி ராக்கியா சாராயம். நாற்பது நாளாக எல்லாக் கேள்விகளும் ரூமியானாவுக்குப் பக்கத்து வீட்டு வானொலி போலத்தான் கேட்டன. தோன்கா பெருமூச்சு விட்டு எழுந்து போனாள்.

தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் பழுது பார்த்தவளுக்கு ஒரு வழக்கம் உண்டு: கம்பியின் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுக்கொண்டே போவது. முதலில் மின்சாரம். பழைய மடிக்கணினியின் ஒரு யூஎஸ்பி துளை தரும் மின்சாரம் விளக்கை எரிக்கப் போதும், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டைச் சுழற்றப் போதாது. வேலினின் இழுப்பறையில் இரட்டைத் தலை கேபிள் இருந்தது. இரண்டு துளைகளிலும் செருகினாள். டிஸ்க் சீராக ரீங்கரித்தது. மடிக்கணினியின் லினக்ஸ் அதன் பெயரைக் கண்டுகொண்டது.

ஆனால் திறக்க மறுத்தது. 'வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

இதுவும் அவளுக்குப் புரிந்தது. ஒரு கணினி எழுதுவதற்காக டிஸ்க்கைத் திறக்கும்போது அதில் ஒரு குறி வைக்கிறது: உள்ளே ஆள் இருக்கிறார். முறையாக மூடும்போது அந்தக் குறியை அழிக்கிறது. நடுவில் ஒயரைப் பிடுங்கினால் குறி தங்கிவிடும். வேலின் செத்தது டிஸ்க்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். குறியை அழிக்க ஒரே ஒரு கட்டளை.

அழித்தாள். 'அழிந்தது' என்றது. திறக்கச் சொன்னாள்.

'வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.'

மறுபடி அழித்தாள். மறுபடி அதே வரி. குறி தானாக முளைக்காது. யாராவது எழுதத் திறந்தால்தான் உண்டு. எழுதிக்கொண்டிருந்த வேலினின் கணினியோ இந்த உலகத்திலேயே இல்லை.

இரண்டு தலைகளையும் பிடுங்கி, டிஸ்க்கை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்திருந்தது. கேபிள் தரையில் தொங்கியது. உள்ளங்கைக்குள் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது. வெதுவெதுப்பாக. நிதானமாக. இடையிடையே சிறு துடிப்பு. யாரோ ஓர் எழுத்தடித்து, யோசித்து, அடுத்ததை அடிப்பது போல.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் எங்கோ தொலைவில் நின்றது.

கோதுமை அடிபிடிக்கும் வாசனை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து டிஸ்க்கைச் செருகினாள். உள்ளே ஆள் இருந்தால் இருக்கட்டும். தொந்தரவு செய்யாமல் எட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. 'படிக்க மட்டும்' என்று சொல்லித் திறப்பது. அப்போது எதையும் எழுத முடியாது, மாற்ற முடியாது.

திறந்தது.

தொப்பியோடு வேலின் சிரித்தான். படத்தை மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டு, தாளில் பொருத்தி, ஒரு பிரதி அச்சுக்கு அனுப்பினாள்.

பிறகுதான் பட்டியலைப் பார்த்தாள். பிளாக்கின் செத்தவர்கள், பெயர் பெயராக. எண்பத்து நான்கு கோப்புகள். கடைசியாக ஒன்று. எண்பத்து ஐந்து.

அவள் பெயர்.

கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் 4:52. சுவர்க்கடிகாரத்தில் 4:52.

எழுத முடியாது. அவளால் முடியாது. இந்தக் கணினியாலும் முடியாது.

4:53. பட்டியலும் 4:53 என்றது.

அச்சு இயந்திரம் வேலினின் தாளைத் தள்ளிவிட்டு நின்றது. பிறகு தானாக இன்னொரு தாளை இழுத்தது. கறுப்புக் கட்டத்தின் மேல்விளிம்பு. நாளைய தேதி. அதன் கீழே அவள் கட்டியிருந்த கறுப்புத் தலைத்துணி. திரை வெளிச்சம் விழுந்த நெற்றி. இந்த நாற்காலியின் முதுகு. பின்னால் அணைந்த அடுப்பு. அவள் தோளில், இன்னும் மை காயாமல், ஒரு கை.

ரூமியானா திரும்பவில்லை. ஒவ்வொரு பழுதும் சரியானதும் வேலின் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகத்தை இழுத்து, அடுத்த வரியில் எழுதினாள்:

'இரட்டைத் தலை கேபிள் போடவும். படிக்க மட்டும் என்று திறக்கவும். வேலை செய்கிறது.'