உயிருள்ள விரல்

மனைவி அவனுடைய வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து லேப்டாப்பின் மூலையில் அழுத்தினாள். வழக்கமாக அந்த நொடியில் கேட்கும் சின்ன ஒலி கேட்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். விரல் அடையாளம் தெரியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து தினமும் காலையில் நடப்பது இது. ஈரத்துணியால் விரலைத் துடைப்பாள், அழுத்துவாள், திறந்ததும் லேப்டாப்பைத் தன் மடிக்கு எடுத்துக்கொள்வாள். அதன்பின் நாள் முழுக்க, அவள் தட்டத் தட்ட, அவன் அந்தப் பெட்டிக்குள் நடமாடுவான். வீட்டிலிருந்தபடியே அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவான். கடல் கடந்து வாழும் தங்கைக்குப் பதில் எழுதுவான்: நலமாக இருக்கிறேன், தொண்டைதான் சரியில்லை, பிறகு பேசுகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். படுக்கையில் இருந்தவனுக்கோ நாக்கு அசையாது. இமைகள் தம் இஷ்டத்துக்கு மூடித் திறக்குமே தவிர அவன் சொன்னால் கேட்காது. மூளைக்கு எதுவும் எட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எல்லாம் எட்டியது. மருந்து நெடியும், பூட்டிய ஜன்னலுக்கு அப்பால் குப்பை வண்டி நின்று கிளம்பும் உறுமலும், இடதுகை விரலைக் கவ்வியிருந்த நாடி பார்க்கும் கருவியின் ஓயாத கீச்சொலியும், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் மைத்துனன் முதல் வாரமே சொன்ன வார்த்தையும்.

"செத்த விரலுக்கு இது திறக்காதுக்கா. தோல்ல உயிர் இருக்கணும்."

அன்றிலிருந்துதான் குழாய் வழியே வேளை தவறாமல் உணவு இறங்கியது. முதுகுப் புண்ணுக்கு மருந்து வந்தது. அவனை அல்ல, அந்த விரலைத்தான் அவர்கள் வளர்த்தார்கள்.

"டேய், இங்க வாயேன். திறக்க மாட்டேங்குது."

மைத்துனன் பல் குச்சியோடு வந்தான். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"காய்ஞ்சு உரியுது பாரு. ரேகையே இல்ல. ஒரு வேலையும் செய்யாம ராஜா மாதிரி படுத்திருந்தா இப்படித்தான்."

களிம்பு தடவினார்கள். துடைத்தார்கள். அழுத்தினார்கள். திற, திற என்று படுக்கையில் இருந்தவனும் வேண்டிக்கொண்டான். தங்கைக்குப் போகிற பொய்களைத் திறந்துவிடும் விரல்தான். இருந்தாலும் திறக்கட்டும்.

திறக்கவில்லை. திரை பின் நம்பர் கேட்டது.

"பின் நம்பர் தெரிஞ்சா உன் விரலையே பதிஞ்சுக்கலாம்," என்றான் மைத்துனன். "அப்புறம் இவர் கையோட மல்லுக்கட்ட வேண்டாம்."

"நம்பர் மறந்துபோச்சுன்னு குடுத்தா?"

"ஆபீஸ்லேருந்து போன் பண்ணுவாங்க. அத்தான் வாயாலதான் பேசணும்பாங்க. பேசுவீங்களா, அத்தான்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கல்யாண நாளைப் போட்டாள். தவறு. தன் பிறந்த நாளைப் போட்டாள். அதுவும் தவறு.

"பார்த்து. இன்னும் ரெண்டு மூணு தப்பு போட்டா பூட்டிக்கும்."

"என்னவாத்தான் இருக்கும்? ஏழுல ஆரம்பிக்குமோ? அவர் தட்டறப்ப பார்த்த ஞாபகம்."

கருவியின் கீச்சொலி வேகமெடுத்தது.

மைத்துனன் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"அக்கா. இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"ஏழு."

கீச். கீச். கீச்.

அவன் வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான். மின்விசிறியை. சுவரின் ஈரத்தை. மனதைத் திருப்ப முடிந்தது. நெஞ்சைத் திருப்ப முடியவில்லை.

மனைவி குனிந்தாள். அவள் மூச்சு கன்னத்தில் பட்டது.

"ஏங்க. நான் பேசறது கேக்குதா?"

கருவி ஓடியது. அவளுடைய கண்கள் விரிவதைப் பார்த்தான். இப்போது அழுவாள் என்று நினைத்தான். கையைப் பிடித்துக்கொள்வாள். தங்கையைக் கூப்பிடுவாள்.

"இத்தனை நாளா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு கமுக்கமாப் படுத்திருந்தீங்களா?"

நிமிர்ந்தாள்.

"டேய், அடுத்த நம்பர். சைபர்லேருந்து வரிசையா சொல்லு."

மைத்துனன் சொன்னான். நிதானமாக. ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து. அவள் படுக்கையில் இருந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. கருவியைப் பார்த்தாள்.

மூன்று. கீச்கீச்.

எட்டு. கீச்கீச்.

ஒன்று.

திறந்தது.

"ஏழு மூணு எட்டு ஒண்ணு," என்று முணுமுணுத்தாள். "இது என்ன நம்பர்?"

"யாருக்குத் தெரியும்."

அவள் கல்லூரிக் காலத்தில் ஓட்டிய ஸ்கூட்டரின் நம்பர். கிளம்ப மறுத்த அந்த வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

அவளுடைய விரலை வை என்றது திரை. வைத்தாள். எடு என்றது. எடுத்தாள். வை. எடு. வை. பதிவாகிவிட்டது.

"பழைய விரலை அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடு. எதுக்கு அது."

லேப்டாப்பை அவன் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு தங்கைக்கு எழுதினாள். எழுதியதை அவனுக்கு வாசித்தும் காட்டினாள், இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல்.

"'லீவுக்கு இங்கே வராதே. வேலை மாற்றலாகி வேறு ஊர் போகிறேன். அடிக்கடி எழுதுகிறேன். அன்புடன், அண்ணன்.' சரியா இருக்கா?"

கருவி அலறியது.

"சரிங்கிறார்," என்றான் மைத்துனன்.

அனுப்பினாள். மைத்துனன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவள் படுத்திருந்தவனின் பிடறியைத் தாங்கிக்கொண்டாள், நோகாமல், தினமும் உடம்பு துடைத்துவிடும்போது தாங்குவதுபோலவே. மைத்துனன் அடியிலிருந்த தலையணையை உருவினான். தலை பின்னால் சாய்ந்தது. திரையின் மேல்விளிம்பு மட்டும் கண்ணில் நின்றது. அங்கே அவனுடைய புகைப்படம். பல் தெரியச் சிரிக்கிற முகம். பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவன் வேலையில் இருக்கிறான் என்று எல்லோருக்கும் சொல்கிற புள்ளி.

தலையணை இறங்கியது. வெள்ளை உறை. அதன் ஓரத்தில், கடைசிவரை, பச்சை.