முட்டுச்சந்துக்கு வந்த ஆட்டோ

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டோரம் வயலெல்லாம் பிளாட்டாகிவிட்டது. பிளாட் போட்ட ஒவ்வொருவரும் தன் எல்லையில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பக்கத்து நகரோடு தெருவைச் சேர்க்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. அப்படி ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக்குத்தான் நிறைமாதக் கர்ப்பிணி கல்பனா குடிவந்தாள். கணவன் பிரேம்குமார் பட்டாளத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. மாடியில் நின்றால் அதன் விளக்கு தெரியும். ரோட்டில் போனால் ஊரையே சுற்ற வேண்டும்.

குடிவந்த அன்று, விளக்கு வைக்கும் நேரம். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு பெண் முனகினாள். வயல் சேற்று வாடை அடித்தது. அங்கே இப்போது வயலே இல்லை.

"யக்கா, ஆஸ்பத்திரிக்கு இங்கிட்டு வழி இருக்கா?"

"இல்லண்ணே, முட்டுச்சந்து. போயிட்டு வாங்க."

ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள்.

தெரு காலி.

மறுநாள் எதிர்வீட்டுப் பெத்தம்மாளிடம் சொன்னாள். பெத்தம்மாள் முகம் வெளுத்தது.

"பழைய வண்டிப்பாதை இங்கனதான் போகும். சுவர் வச்ச புதுசுல, அது தெரியாம பிள்ளத்தாச்சிய ஏத்திட்டு வந்தான் ஒருத்தன். திரும்பி வெரசலா போனவன், லாரியில மோதி ரெண்டு பேரும் போய்ட்டாக. நீ என்னட்டி சொன்ன அவியட்ட?"

"போயிட்டு வாங்கன்னேன்."

"அடிப்பாவி! வாங்கன்னு சொன்னா வருவாகல்ல?"

ஆனால் வந்தவரை வெறுமனே 'போ' என்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு வரும்?

அந்த வாரமே, அதே விளக்கு வைக்கும் நேரத்தில் வலி கண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். சைரன் கிட்டத்தில் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்.

"மேடம், லொகேஷன் இங்கதான் காட்டுது. நடுவுல சுவர் நிக்குது. சுத்தி வாரோம்."

சைரன் தேய்ந்து போனது.

வாசலில் ஆட்டோ ஹாரன்.

சேற்று வாடை.

"ஏறுங்கக்கா. இன்னைக்கு வழி இருக்கு."

பின்சீட்டில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். பிள்ளை பிழைத்தால் போதும் என்று கல்பனா ஏறிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் சுற்றி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. செம்மண் தெருவில் ஆட்டோ டயர்த் தடம் நேராகச் சுவருக்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு யாரும் வந்து சேரவில்லை.

சில நாள் கழித்துப் பெத்தம்மாள் வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே பச்சைக்குழந்தை அழுதது.

"பெத்தம்மாக்கா, ஆஸ்பத்திரிக்கு வழி இருக்கா?"

கல்பனாவின் குரல்.

பெத்தம்மாள் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் மாரிச்சாமி குரல் கொடுத்தார்.

"யாருப்பா அது? முட்டுச்சந்து இது. போயிட்டு வாங்க."