ஒதுங்கி நின்ற மீன்

கணவன் கதவு நிலையில் முதுகை உரசிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், குளித்து முடித்த மனிதன், கையில் பேப்பரோடு நின்றபடியே இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு என்று மரத்தில் தோளைத் தேய்த்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு முதுகு பிடித்துக்கொள்வது புதிதில்லை. ஆனால் இவன் தேய்த்துவிட்டுச் சட்டென்று விலகி, வளைந்து திரும்பி வந்து, மறுபடி தேய்த்தான். அந்த வளைவை அவள் எங்கோ பார்த்திருந்தாள். நேற்றுதான் பார்த்தாள், ஹாலில் இருக்கும் மீன் தொட்டியில்.

"என்னங்க பண்றீங்க?"

"அரிக்குது."

"எங்க?"

"எங்கன்னு சொல்றது? உடம்பு பூராத்தான்."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதிரே வந்து நிற்கிற முகத்தைப் பார்த்தே இது அஜீரணம், இது சளி, இது வீட்டுச் சண்டை என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியனாம், உனக்கு இன்னும் எத்தனை பாக்கி?" என்று கணவன் கேலி பண்ணுவான். அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் பெருமைதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம்.

அந்தத் திமிரோடுதான் நேற்றுத் தொட்டிக்கும் வைத்தியம் பார்த்தாள். ஆரஞ்சு மீன்கள் கூழாங்கல்லில் உடம்பை உரசி உரசி ஓடின. செதிலில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் பொட்டு. கறுப்பு மீன் மட்டும் எதிலும் சேராமல், ஹீட்டர் பக்கத்து மூலையில் வயிறு வீங்கி, இரை போட்டாலும் திரும்பாமல் நின்றது. அவள் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள். மற்றதெல்லாம் சிதறி ஓடின. கறுப்பு அசையவில்லை. இதுதான் மூலம், இதனிடமிருந்துதான் எல்லாவற்றுக்கும் ஒட்டியிருக்கிறது என்று அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"வேணாம்மா, கறுப்பி சும்மாதான் நிக்குது," என்று மகள் கையைப் பிடித்தாள். எப்போதும் தத்தித் தத்தி நடப்பதால் வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பேர்.

"உனக்கு என்ன தெரியும்? ஒண்ணைப் பாவம் பார்த்தா மீதி எல்லாம் போயிடும்."

வலையால் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டாள். பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். வலிக்காது, தூங்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தாள். கறுப்பி தூங்கிவிட்டது. பிறகு ஹீட்டரைக் கூட்டி வைத்து, தண்ணீரில் நீல மருந்தை விட்டு, வெளிச்சம் பட்டால் மருந்து வீணாகும் என்று தொட்டியை ஒரு போர்வையால் மூடினாள். மூடுவதற்கு முன், மிச்சம் இருந்ததுகளுக்கு ஆறுதலாக பழுப்பும் சிவப்புமாகச் செதில் போன்ற இரையும் ஒரு சிட்டிகை தூவினாள். அவை மேலே வந்து வாயைத் திறந்து விழுங்கின, பக்கத்தில் ஒன்று குறைந்திருப்பதே தெரியாமல்.

சிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டவள்தான். ராத்திரி சாப்பிடவில்லை. காலையிலும் இல்லை.

மருந்து இன்னொரு தரம் விட வேண்டுமா என்று கேட்க மீன் கடைக்காரனுக்கு இப்போது போன் போட்டாள். தொட்டியில் பார்த்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"உரசுறதுதான் அக்கா நோய். ஓரமா நின்னுச்சே, அதுக்கு வயிறு பெருத்திருந்துச்சா?"

"ஆமா."

"அது முட்டை போடாது, குட்டி போடுற மீனு. நேரம் நெருங்கிட்டா அப்படித்தான் ஒதுங்கிடும், எரை எடுக்காது, தட்டுனாக்கூட நகராது. அந்தத் தொட்டியிலேயே நல்லா இருக்கறது அது ஒண்ணுதான். பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?"

"இருக்கு," என்றாள் அவள். போனை வைத்த பிறகு வெகுநேரம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள். வயிற்றில் இருந்ததுகளையும் சேர்த்தல்லவா தூங்க வைத்திருக்கிறோம். பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

கணவன் இன்னும் உரசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்ச் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தாள். கழுத்து மடிப்பில் வெள்ளை வெள்ளையாக, உப்புத் தூவினாற்போல. விரலால் துடைத்தாள். போகவில்லை.

"புழுக்கமா இல்ல?" என்றான் அவன். புழுக்கம்தான். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும், வெந்நீர் வைத்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது போல, சூடு தரையிலிருந்து கணுக்காலுக்கும் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும் ஏறி வந்தது. ஏதோ ஒரு கை எங்கோ ஒரு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுவது போல, பொறுமையாக, கணக்காக ஏறியது.

மழைக்கு இருட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மழை வந்தால் வாசனை வரும், காற்று வரும், தெருவில் யாராவது துணி எடுக்க ஓடுவார்கள். இது அப்படி இல்லை. கிழக்கு ஜன்னல் முதலில் மங்கியது, பிறகு சமையலறை ஜன்னல், கடைசியில் வாசல் பக்கம். யாரோ வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாக இழுத்துவிட்டுச் சரிசெய்வது போல. தெருவின் சத்தம் நின்றது. போர்வைக்குள் தலையை விட்டால் கேட்குமே, அந்த நிசப்தம்.

பிறகு நீலம் இறங்கியது. துணிக்கு நீலம் போட்ட வாளியில் கலங்குவது போல, கூரையிலிருந்து இழை இழையாக.

இதெல்லாம் அவள் செய்தவை. ஒன்று விடாமல்.

டொக். டொக்.

ஹால் சுவருக்கு வெளியே. கணவன் துள்ளி அறைக்கு நடுவே ஓடி வந்தான். அவளும் தன்னை அறியாமல் எதிர்ப்பக்கம் பாய்ந்திருந்தாள். மூச்சு வாங்க நின்றபோதுதான் உறைத்தது.

சிட்டுவின் அறையில் ஒரு சலனமும் இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "சிட்டு, வெளிய வாம்மா."

"வரல."

"எங்களோட வந்து நில்லுடி. ஒரு வாய் சாப்பிடு."

"எனக்குப் பசிக்கல. போம்மா நீ."

டொக். டொக். இந்த முறை சிட்டுவின் அறைப் பக்கம்.

"ஓடு சிட்டு. சும்மா கையக் கால ஆட்டு. எழுந்து நடடி."

கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் முகத்தைப் புதைத்து, அசையாமல் கிடப்பாள். கோபம் வந்தால் அப்படித்தான். பெற்றவளுக்குத் தெரியும். தட்டிப் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"கறுப்பிக்கு நோயே இல்லடி. குட்டி போடத்தான் ஒதுங்கி இருந்துச்சு. நீ சொன்னதுதான் சரி. அம்மாதான் தப்புப் பண்ணிட்டேன், போதுமா? இப்ப வெளிய வா."

உள்ளே கட்டில் முனகியது. கால்கள் தரையில் பட்டன. தத்தித் தத்தி நெருங்கி வந்தன. தாழ் அசையும் சத்தம் கேட்டது.

பாதியில் நின்றது.

கதவிடுக்கு வழியே வாசனை வந்தது. மெல்ல, இனிப்பாக, தொண்டையை மரக்கச் செய்கிற வாசனை.

கிராம்பு.

அவள் தோளால் கதவை மோதினாள். ஒருதரம். இன்னொருதரம். பாதி விலகியிருந்த தாழ் தெறித்தது.

வீட்டிலேயே அந்த அறை மட்டும் வெளிச்சமாக இருந்தது. ஜன்னல் கம்பி அப்படியே இருந்தது. தலையணையில் முகம் புதைந்த பள்ளம் இருந்தது. கதவுக்கு உள்பக்கம், சிட்டு நின்றிருக்க வேண்டிய இடத்தில், ஒற்றைச் செருப்பு.

அவள் மேலே பார்த்தாள். கூரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "அவ நல்லாத்தான் இருக்கா. நோய் எங்களுக்குத்தான். அவ சும்மா ஒதுங்கி இருந்தா."

கேட்க யாரும் இல்லை. எங்கோ உயரத்தில், டம்ளருக்குள் ஏதோ மோதுவது போல ஒரு சின்னச் சத்தம். கொஞ்ச நேரம் கேட்டது.

நின்றது.

அவள் தோள் தானாகக் கதவு நிலையில் சாய்ந்தது. அரித்தது. ஒரு இழுப்பு இழுத்தாள்.

அப்போதுதான் மேலிருந்து அவை விழத் தொடங்கின. மெல்லிய செதில்கள். பழுப்பாக, சிவப்பாக, நீலத்தில் ஆடி ஆடி, அவசரமில்லாமல். ஹாலின் நடுவே கணவன் முகத்தை நிமிர்த்தி வாயைத் திறந்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, அவள் கழுத்தும் நிமிர்ந்தது. வாய் திறந்தது.