தடம் இல்லாத பதில்

அந்த வாரத்தில் குணவதி பேசப் போன நான்காவது பள்ளி அது. தலைமையாசிரியை கை காட்டியதும் முந்நூறு பிள்ளைகளும் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, எதைக் கேட்டாலும் காதில் பதில் சொல்லும் செவியிழையைத் தட்டி அணைத்தார்கள். பத்து நிமிடம் மட்டும் அணைத்து வைக்க அனுமதி. அரங்கில் ஒரு தவிப்பு பரவியது. பக்கத்தில் இருப்பவள் பெயரே சில பிள்ளைகளுக்கு மறந்திருக்கும்.

"இழை இல்லாமலே நாற்பது கேள்விக்குப் பதில் சொன்ன அம்மா இவங்கதான்" என்றார் தலைமையாசிரியை.

கைதட்டல் எழுந்தது. குணவதி எப்போதும் ஒப்பிக்கிற ஐந்து நிமிடப் பேச்சை ஒப்பித்தாள். பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "மேடம், உங்களோட போட்டி போட்ட திருட்டு மாமா இப்போ ஜெயில்லயா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். குணவதிக்கு முகம் எரிந்தது. மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

அவள் மதுரையில் ஒரு மருத்துவமனையின் சீட்டு கொடுக்கும் சன்னலில் பதினொரு வருடம் உட்கார்ந்தவள். எதைக் கேட்டாலும் இழை சொல்லும், அவள் வாய் அதைத் திருப்பிச் சொல்லும். அந்த வேலையில் அவளுக்கென்று சொல்ல ஒரு சொல்கூட இருந்ததில்லை. இழை இல்லாமல் பதில் சொல்லும் 'சொந்த மூளை' தொலைக்காட்சிப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் வரிசையில் நின்றாள். தயாரிப்பாளருக்கு அவளுடைய சாந்தமான முகம் பிடித்துப்போயிற்று. மூன்று வாரத்துக்கு முன்பே நாற்பது கேள்விகளையும் பதில்களையும் தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார். "இதை மனப்பாடம் பண்ணிடுங்க. உள்ள போயிடுச்சுன்னா உங்க சொந்த நினைவுதான். நினைவுமானி பச்சைதான் காட்டும்" என்றார்.

அப்படியே நடந்தது. போட்டியாளர் தலையில் வைக்கிற நினைவுமானி ஒவ்வொரு பதிலுக்கும் மூளையில் பழைய தடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் அது வெளியிலிருந்து வந்த இரவல் அறிவு. கடைசிக் கேள்வி முதலில் அவளோடு போட்டியிட்ட மரியசெல்வத்திடம் போனது. தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வடிகட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சரியான பதிலைச் சொன்னார். சிவப்பு எரிந்தது. அரங்கமே கூச்சல் போட்டது. ஒலி புகாத அறையிலிருந்து குணவதியை அழைத்து வந்து அதே கேள்வியைக் கேட்டபோது மூச்சு விடும் நேரத்தில் சொல்லிவிட்டாள். பச்சை.

நினைவுமானிக்குப் பொறுப்பான அரசின் நினைவாணையம் இரண்டு முடிவுகளுக்கும் முத்திரை வைத்தது. குணவதி பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசும் ஆணையத் தூதர் ஆனாள். 'இரவல்' என்று முத்திரை விழுந்தவரை எந்த ஆலையும் வைத்துக்கொள்ளாது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பள்ளியிலிருந்து நேராக ஆணையத்துக்குப் போனாள். இது ஆறாவது முறை. அதிகாரி சீராளன் அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"மறுபடியுமா, மேடம்?"

"நான் ஏமாத்தினேன் சார். கேள்வியை முன்னாடியே கொடுத்தாங்க. எழுதிக்குங்க."

"நீங்க பொய் சொல்றதா நான் சொல்லலையே."

"அப்புறம் ஏன் எழுத மாட்டேங்கறீங்க?"

"மனப்பாடம் பண்ணீங்க. பண்ணினா அது உங்க நினைவு. யாரு கொடுத்தா, எப்போ கொடுத்தாங்கன்னு மானி பார்க்கறதில்லை."

"சரி, என்னை விடுங்க. அந்த மனுஷன் என்ன தப்பு பண்ணினார்?"

"அவர் பதிலுக்கு மூளையில தடமே இல்லை. தடம் இல்லாம ஒரு பதில் எங்கேருந்து வரும்? எங்கேயோ ஒரு இழையை மறைச்சு வெச்சிருந்திருக்கார்."

"தேடிப் பார்த்தீங்களே, கிடைச்சுதா?"

"கிடைக்கலை."

குணவதி மேசையில் ஓங்கி அடித்தாள். அடுத்து வாயில் வந்த கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "அவர் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கலாமே, சார்? அந்த நிமிஷத்துல, புதுசா?"

சீராளன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"படிவத்துல ரெண்டே கட்டம்தான் மேடம். சொந்தம், இரவல். மூணாவது கட்டம் கிடையாது. இதே மானியை வெச்சுத்தான் கோர்ட்ல சாட்சி கேக்கறாங்க, பரீட்சை வைக்கறாங்க. உங்க ஒரு முத்திரையை உடைச்சா இருபது வருஷத் தீர்ப்பையும் உடைக்கணும். என்னால முடியாது. வீட்டுக்குப் போங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தூத்துக்குடிக்கு ரயில் ஏறினாள்.

மரியசெல்வம் மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் குழாயை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அச்சடித்த தாளை, மூன்று வாரத்தை, ஆறு முறை ஆணையத்துக்கு நடந்ததை.

"கடைசிக் கேள்வியா, நிலாவுல நின்னு பாத்தா பகல்ல வானம் என்ன நிறம்னு கேட்டாங்க. கறுப்புன்னு நீங்க எப்படிச் சொன்னீங்க அண்ணே? எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஏன்னு தெரியாது."

அவர் தயங்கினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "ஆலையில தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சிப் பாப்போம். தண்ணி கலங்கலா இருந்தா வெளிச்சம் கம்பு மாதிரி நீளமாத் தெரியும். தெளிஞ்சிட்டுன்னா ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் போயிக்கிட்டேதான் இருக்கும், ஆனா பட்டுச் சிதற ஒண்ணும் இல்லை. நிலாவுல காத்தே கிடையாதுன்னு தெரியும். அப்ப அங்க வெளிச்சம் எதுல பட்டுச் சிதறும்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். கை தானாகத் தலையைத் தடவியது.

"சொல்லுங்கண்ணே. சரியாத்தானே வருது."

"வேண்டாம்மா. அன்னைக்கும் இப்படித்தான் வந்துச்சு. எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. மெசினு பொய் சொல்லுமா? இப்பல்லாம் எதாவது யோசனை வந்தா, பாதியிலயே நிறுத்திருதேன். அது யாருதோ, என்னமோ."

"அது உங்களுது அண்ணே!" அவள் குரல் கிறீச்சிட்டது. பெட்டி தூக்கிக்கொண்டு போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க யோசிச்சீங்க. மெஷினுக்கு மனப்பாடம் மட்டும்தான் தெரியும். புதுசா ஒருத்தர் யோசிச்சா அதுக்குப் புரியாது. அவ்வளவுதான் விஷயம்."

மரியசெல்வம் அவளை உற்றுப் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானாத்தான் யோசிச்சேன்."

"அப்ப அதுக்கும் செவப்புத்தான் எரியும்" என்றார் அவர். அதில் கேலி இல்லை, அவள்மேல் இரக்கம்தான் இருந்தது. குழாயைத் திறந்து அடுத்த பெட்டியை இழுத்துக் கழுவ ஆரம்பித்தார்.