கோரைப்பல் முளைத்த முகங்கள்

மாலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்குப் பதினெட்டு லட்சம் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குக் கோரைப்பல் முளைத்தது.

"யாரு வச்சது அந்தப் பல்லை? அரக்கக் குடும்பத்துக்குத்தானே பல்லு? பாக்கியம் மனுஷிதானே!" என்று கத்தினாள் யாழிசை. பாக்கியம் வரும் தொலைக்காட்சித் தொடரை எழுதி இயக்குபவள் அவள். போரூர் படப்பிடிப்புக் கூடத்தில் சுவர் முழுக்க, வீடுகளில் தெரிவதைக் காட்டும் மாதிரித் திரைகள். எல்லாவற்றிலும் பாக்கியம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நாம வைக்கல மேடம். திரைங்களே வச்சிருச்சு," என்றான் கணிப்பொறியாளன் அன்வர்.

வீட்டுக்கு வீடு சாந்தத்திரை கட்டாயமாகி ஒன்பது வருடமாகிறது. நாம் அதைப் பார்க்கும்போது அதுவும் நம்மைப் பார்க்கும். நெற்றித் தோலின் நிறமாற்றத்தை வைத்தே நாடித்துடிப்பை எண்ணிவிடும். துடிப்பு எகிறினால் அந்த நொடியே காட்சியை மாற்றிவிடும். கொலைகாரன் கையிலிருக்கும் அரிவாள் முருங்கைக்காயாகும். மாரடைப்பு குறைந்தது உண்மைதான். கூடவே கதை என்ற ஒன்றும் ஒழிந்துபோனது.

இந்தக் காலத்தில் போய், ஐம்பது வருடத்துக்கு முந்தைய அரக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடரைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பினாள் யாழிசை. ஒரு சாதாரணத் தெருவில் கோரைப்பல் குடும்பம் ஒன்று குடியேறுகிறது. தங்களைப் பார்த்துத் தெருவே தலைதெறிக்க ஓடுவதைக் கண்டு, 'பாவம், எல்லாருக்கும் வயித்தால போகுது போல' என்று அவர்கள் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். அதுதான் கதை.

முதல் வாரம் திரைகள் அந்தப் பற்களை ராவி எடுத்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் அரக்க அப்பா வங்கி மேலாளர் மாதிரி ஆகிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வாரத்துக்குள் தேறாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவதாக அலைவரிசைத் தலைவர் சொல்லிவிட்டார்.

யாழிசைக்கு வேலை போவதில் கூடப் பெரிய வருத்தமில்லை. மகள் பூவிழி தூத்துக்குடியில் மருத்துவம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். அம்மா கூப்பிட்டால் "ம்", "சாப்ட்டேன்", "வச்சிரட்டா" என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேச மாட்டாள். இந்தத் தொடரை மட்டும் விடாமல் பார்க்கிறாள். இதைப் பற்றித்தான் இரண்டு வார்த்தை கூடுதலாக வருகிறது. தொடர் நின்றால் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

அன்வர் வரைபடத்தை விரித்தான். "ரெண்டாவது வாரத்துலேந்து பாருங்க மேடம். அரக்கக் குடும்பம் வந்தாலே ஜனங்களுக்குத் துடிப்பு இறங்குது. பையன் பெயிலாயிட்டு வந்தா, அந்த அப்பா அவனைத் தூக்கித் தட்டாமாலை சுத்துறாரு. வேலை போச்சுன்னா பாயசம் வைக்கிறாங்க. அதனால திரைங்க பல்லைத் திருப்பி வச்சிருச்சு."

"அப்ப யாரைப் பார்த்துப் பயப்படறாங்க?"

"பாக்கியத்தை! அந்தம்மா கேட்டைத் திறந்து, 'பொண்ணு எவ்வளவு மார்க்கு? வரன் ஏதும் அமைஞ்சுதா?'ன்னு கேட்டவுடனே துடிப்பு நூத்திமுப்பதுக்கு ஏறுது. அந்த முகத்தைச் சாந்தப்படுத்தணுமே. இந்தத் தொடர்ல திரைக்குத் தெரிஞ்ச ஒரே சாந்தமான விஷயம் கோரைப்பல்தான். அதையே எடுத்து ஒட்டிருச்சு. யாரைப் பார்த்தா துடிப்பு எகிறுதோ அவங்களுக்குத்தான் முளைக்கும்."

அவன் பேசி முடிப்பதற்குள் தலைவர் அழைத்துவிட்டார். ஊரே வயிறு குலுங்கச் சிரிக்கிறதாம். தொடரை ஒரு வருடத்துக்கு நீட்டிக்கச் சொன்னார்.

யாழிசை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் காரியமாகச் சுவர்த்திரையில் மகளை அழைத்தாள்.

பூவிழி திரையில் வந்தாள். இறுகிய முகத்தோடு ஒரு கணம் பார்த்தாள். பிறகு குபீரென்று சிரித்தாள். "அம்மா! உனக்கும் வந்துருச்சு!"

"என்னடி வந்துச்சு?"

"பல்லு! பாக்கியத்துக்கு வந்த மாதிரியே ரெண்டு பக்கமும். ரொம்ப அழகா இருக்கம்மா!"

யாழிசையின் கை தானாக வாய்க்குப் போனது. அன்வர் தரையைப் பார்த்தான். அம்மாவின் முகத்தைக் கண்டதும் மகளுக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது; அதனால்தான் அவள் திரை பல்லை ஒட்டியிருக்கிறது. அது யாழிசைக்குச் சுருக்கென்று தைத்தது.

மகள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று சொன்னாள்: "அம்மா, நான் ஆறு மாசமா காலேஜுக்குப் போகல. பரீட்சையும் எழுதல. இங்க ஒரு பேக்கரில மக்ரூன் போட்டுட்டிருக்கேன்."

'ஊர்ல நாலு பேர் கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?' என்பது யாழிசையின் நாக்கு நுனி வரை வந்தது. பாக்கியத்துக்கு அவளே எழுதிய வசனம் அது. விழுங்கிக்கொண்டாள்.

"மக்ரூன் நல்லா வருதா?" என்றாள்.

"வெள்ளைக்கருவ அடிக்கிறதுதாம்மா பெரும்பாடு. இப்ப பழகிருச்சு. முதலாளியம்மா என்னையத்தான் அடிக்கச் சொல்றாங்க."

இருபது நிமிடம் பேசினாள் பூவிழி. முந்திரி, அடுப்புச் சூடு, விடுதியில் ஒளிந்து அழுதது, எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு வருடத்தில் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. யாழிசைக்கு மனசு லேசாகிவிட்டது. மருத்துவராவது மண்ணாவது, பெண் பேசுகிறாளே!

"பல்லு தெரியாம, படத்தை நிறுத்திக் குரல் மட்டும் வைக்கவா மேடம்?" என்று அன்வர் காதோரம் கேட்டான். வேண்டாம் என்று கையசைத்தாள்.

"கண்ணு, நாளைக்குக் காலைல முதல் வண்டியைப் பிடிச்சு வரேன்டி. உன்னை ஒரு தடவ கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருக்கு."

பூவிழியின் சிரிப்பு பாதியில் நின்றது. திரையில் தெரிந்த அம்மாவின் கோரைப்பல் முகத்தை ஆசையாகப் பார்த்தாள்.

"வேணாம்மா. திரையிலயே வா. தினமும் வா. நேர்ல மட்டும் வராத."